தலைக்கு இவ்வளவு

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று காலையில், பிள்ளை தன் மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அம்மாவின் போன் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. "வணக்கம்மா, தம்பி பாஸாகியிருக்கும். எந்த காலேஜ்னு முடிவு பண்ணிட்டீங்களா? நாங்க ஃப்ரீயாவே கைடன்ஸ் குடுக்குறோம்." அன்று மட்டும் பத்துப் பன்னிரண்டு அழைப்பு. அந்த நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனது என்று எந்தத் தாய்க்கும் தெரியாது. டியூஷன் சென்டரில் எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம், மாதிரித் தேர்வு நடத்துகிறோம் என்று வந்தவர்கள் நிரப்பச் சொன்ன படிவமாக இருக்கலாம். சொல்லவே மனசு கூசுகிறது, சில இடங்களில் பள்ளிக்கூடத்திலிருந்தே போகிறது.

நான் முப்பத்தோரு வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவள். கடைசிப் பத்து வருஷம் திண்டிவனம் பக்கம். ஓய்வு பெற்ற பிறகும் மே, ஜூன் மாதங்களில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கையில் ஒரு போன், பிளாஸ்டிக் உறையில் மார்க் ஷீட், கூடவே கூலி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அப்பாவோ அம்மாவோ. இந்தக் கன்சல்டன்ட் விஷயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். போன ஆகஸ்டில் நடந்ததற்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

ஒரு பையன். பெயர் வேண்டாம். அப்பா கல் குவாரியில் லாரி கிளீனர். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 136. பள்ளி ஹைடெக் லேபில் உட்கார வைத்து ஆசிரியர்களே கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். அதுவரை சரி. அதற்கப்புறம்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஆபீஸ் போட்டிருந்த ஒருவர் வீட்டுக்கே வந்திருக்கிறார். "136-க்கு கவுன்சிலிங்ல ஒண்ணும் கிடைக்காது, கடைசி ரவுண்ட்ல எங்கயோ தூக்கிப் போடுவான். நான் டைரக்டா சீட் போட்டுத் தர்றேன். எனக்கு நீங்க அஞ்சு பைசா தர வேணாம்" என்று சொல்லி, சீட்டைப் பிடித்து வைக்க அட்வான்ஸ் என்று 25,000 ரூபாயும், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டி.சி. எல்லாவற்றின் ஒரிஜினலையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ரசீது இல்லை. "காலேஜ்ல தருவாங்க."

இந்தப் பிள்ளை என்ன இழக்கவிருந்தான் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாததால்தான் ஆயிரக்கணக்கான வீடுகள் ஏமாறுகின்றன. 2021-லிருந்து இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அதில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அது கிடைக்காமல் பொதுப் பிரிவில் சேர்ந்தாலும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணத்தில் சலுகை இருக்கிறது. இரண்டுமே ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வழியாகப் போனால் மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த நிமிஷத்தில் இரண்டும் போய்விடும். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு மேனேஜ்மென்ட் இடத்துக்கு வைத்த ஆண்டுக்கு 87,000 ரூபாயை வைத்துக் கணக்குப் போட்டாலே நாலு வருஷத்துக்கு 3,48,000. பஸ் கட்டணம் தனி. ஒரு பைசாகூடக் கட்டாமல் படித்திருக்க வேண்டிய பிள்ளையைக் கடனாளியாக ஆக்குவதற்குப் பெயர் "ஃப்ரீ கைடன்ஸ்".

அவனுடைய கூட்டாளி ஒருவன் சொல்லித்தான் என்னிடம் வந்தான். மூன்றாவது சுற்றுக்கு சாய்ஸ் ஃபில்லிங் முடிய இரண்டு நாள் இருந்தது. நல்ல வேளை, சான்றிதழ்களை ஸ்கேன் பண்ணி ஏற்கெனவே ஏற்றியிருந்தார்கள். இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து கல்லூரிக் குறியீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, போன வருஷக் கட்-ஆஃபோடு ஒப்பிட்டு, அறுபது சொச்சம் விருப்பங்களைக் கொடுத்தோம். 7.5-ல் அவன் கேட்ட எலக்ட்ரிகல் பிரிவே, வீட்டிலிருந்து போய் வருகிற தூரத்தில் கிடைத்தது. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

பிறகுதான் நிஜமான அலைச்சல். சேருவதற்கு ஒரிஜினல் வேண்டும், குறித்த நாளுக்குள் வேண்டும். அந்த ஆள் சீட் போட்டுத் தருவதாகச் சொன்ன கல்லூரிக்குப் போனோம். ஆபீஸில் இருந்தவர், "நீங்க யார் மூலமா வந்தீங்களோ அவர்கிட்ட கேளுங்க" என்றார். அந்த ஆளுக்குப் போன் போட்டால், "சர்டிஃபிகேட் எல்லாம் காலேஜ்ல ஒப்படைச்சாச்சு மேடம், எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல." மறுபடி கல்லூரி. "அவர் எங்க ஸ்டாஃப் இல்லையே மேடம்." மூன்று நாள் இப்படியே. மூன்றாவது நாள் முதல்வர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லியிருப்பதைக் குறிப்பிட்டு, நகல் தொழில்நுட்பக் கல்வி இயக்குநரகத்துக்கு என்று கீழே எழுதி, நேரில் கொடுத்து முத்திரை கேட்டேன். ஒரு மணி நேரத்தில் சான்றிதழ்கள் வந்தன. அதே கட்டடத்தில்தான் இருந்திருக்கின்றன.

25,000 ரூபாய் வரவில்லை. கேட்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அந்த மூன்று நாளில் எனக்கு உறைத்தது இதுதான்: அந்த ஆள் எங்கேயுமே இல்லை. கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்க ஓர் அமைப்பு இருக்கிறது, கட்டணம் நிர்ணயிக்க ஒரு குழு இருக்கிறது, இடத்தை ஒதுக்க அரசு இருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே விடுகிறவர் மட்டும் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாமல் நடந்துபோகிறார்.

சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டணத் தடைச் சட்டம் 1992-லிருந்து இருக்கிறது. அதே வருஷம்தான் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கேபிடேஷன் ஃபீ வாங்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொன்னது. 2022 மே மாதம் மருத்துவக் கல்லூரி வழக்கு ஒன்றில், தனியார் மருத்துவக் கல்லூரிகள் கட்டணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது, நன்கொடை கேட்டால் புகார் சொல்ல ஓர் இணையதளம் வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இவை கல்லூரி வாசலுக்கு உள்ளே நடப்பதைப் பார்க்கின்றன. பஸ் ஸ்டாண்ட் மாடியில் நடப்பதை யார் பார்ப்பது?

2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தபோது நம்பிக்கையோடு எடுத்துப் படித்தேன். பதினாறு வயதுக்குள் சேர்க்கக் கூடாது, பதிவு செய்ய வேண்டும், பாதியில் நின்றால் மீதிப் பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும், மீறினால் முதல் தடவை 25,000, அடுத்த தடவை ஒரு லட்சம் அபராதம். சரி, இதற்குள் நம் ஆட்களும் வருவார்கள் என்று பார்த்தால், கோச்சிங் என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கிற இடத்திலேயே கவுன்சிலிங் இதில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விளையாட்டு, நடனம், நாடகம் ஆகியவற்றோடு கவுன்சிலிங்கையும் சேர்த்து விலக்கிவிட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பொய் விளம்பரங்களுக்கு எதிராகக் கொண்டுவந்த நெறிமுறையிலும் அதே விலக்கு. மனநல ஆலோசகர்களையும் பள்ளி ஆலோசகர்களையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்லெண்ணமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லின் நிழலில்தான் சீட் வியாபாரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

சரி, நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றார் என் தம்பி. அவர் வக்கீல் குமாஸ்தா. அவரையே சட்டத்தை எடுத்துப் படிக்கச் சொன்னேன். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், காசு வாங்காமல் இலவசமாகச் செய்து கொடுக்கும் வேலை சேவை என்ற கணக்கிலேயே வராது. "எனக்கு அஞ்சு பைசா தர வேணாம்" என்று அந்த ஆள் சொன்ன வார்த்தையின் முழு எடையும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குப் பணம் கொடுப்பது கல்லூரி. ஆகவே அவருடைய வாடிக்கையாளர் கல்லூரிதான். நம் பிள்ளை அவர் கொண்டுபோய்க் கொடுக்கிற சரக்கு.

தலைக்கு இவ்வளவு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். "இந்த சீசன் எத்தனை தலை?" என்று என் காது படக் கேட்டிருக்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாத மத்தியானம், என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்ன, இப்போது அவனுக்கே பெண் குழந்தை இருக்கிறது. எம்.இ. முடித்து ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். வியர்த்து நனைந்து, தோளில் கல்லூரிப் பை, பை நிறைய வழவழப்பான நோட்டீஸ். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். "மிஸ், உங்ககிட்ட வர்ற பசங்கள்ல ஒரு மூணு பேர் குடுத்தீங்கன்னா போதும் மிஸ். டார்கெட் முடியலன்னா ஜூன் சம்பளம் போட மாட்டாங்க."

எலெக்ட்ரோமேக்னட்டிசம் அவனுக்குக் கரும்பாக இனிக்கும். லென்ஸ் விதியைக் கரும்பலகையில் அவனை விட்டு விளக்கச் சொல்லிவிட்டு நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவனை வெயிலில் தெருத் தெருவாக கேன்வாஸிங் அனுப்புகிறார்கள். நான் பிள்ளைகளைக் கொடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன், சாப்பிட்டான். புரோக்கரை மட்டும் பிடித்தால் போதும் என்று பேசுகிறவர்கள் இவனையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் என்று நாளைக்கே சட்டம் வந்தால், கல்லூரிகள் ஏஜென்ட்டை நிறுத்திவிட்டு அந்த வேலை முழுவதையும் வாத்தியார்கள் தலையில் கட்டும். அதையும் சேர்த்து அடைக்காத சட்டம் ஓட்டைப் பானைதான்.

லைசென்ஸ் மட்டும் போதாது என்பதற்குப் பஞ்சாபே சாட்சி. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்களை ஒழுங்குபடுத்த அங்கே 2012-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். 2014-ல் திருத்தி, பெயரையும் மாற்றினார்கள். டிராவல் ஏஜென்ட், கன்சல்டன்ட், ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி மையம் எல்லாருமே மாவட்ட நிர்வாகத்திடம் உரிமம் வாங்க வேண்டும். இந்தியாவில் இந்த விஷயத்தில் முன்னே நடந்த மாநிலம் அதுதான், அதைப் பாராட்ட வேண்டும். ஆனாலும் 2023-ல் என்ன நடந்தது? கனடாவில் படித்து முடித்து வேலை பார்த்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்த நேரத்தில், தாங்கள் வந்த அட்மிஷன் லெட்டரே போலி என்று பஞ்சாபிலிருந்து போன பிள்ளைகளுக்குத் தெரிந்தது. பலர் ஜலந்தரில் ஒரே கன்சல்டன்ட் மூலம் போனவர்கள். நாடு கடத்துவோம் என்று நோட்டீஸ் வந்து, அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடி, அதன் பிறகுதான் உண்மையாகப் படிக்க வந்தவர்களை அனுப்ப மாட்டோம் என்று கனடா அரசு இறங்கி வந்தது. அந்த வருஷம் டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு அட்மிஷன் லெட்டரையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்கிறது கனடா. அடைப்பு அந்த இடத்தில் விழுந்தது. உரிமச் சீட்டைச் சுவரில் மாட்டி வைப்பதால் விழவில்லை.

மத்தியச் சட்டம் என்று பார்த்தால் 1983-ன் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டுக்குத்தான். துபாய்க்குக் கொத்தனாரை அனுப்ப ஒருவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளையை வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்ப இந்தச் சட்டப்படி எதுவும் வேண்டாம். பிலிப்பைன்ஸுக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளின் கதை பலருக்குத் தெரியும். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அங்கே எம்.டி. 48 மாதம். அதற்கு முந்தைய பி.எஸ். காலம் கணக்கில் சேராது. விதி வந்த பிறகும் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டு. என் பக்கத்துத் தெருவிலேயே ஒரு குடும்பம். நிலத்தை விற்ற பணம். அந்தப் பெண்ணை நான் இன்றுவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசத் தயங்குகிறேன். போவதற்கு முன்னால் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டாள். எனக்கு அந்த விதி அப்போது தெரியாது. "நல்லா படிம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே அரசு என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால், முதலில் பணத்தின் வழியைப் பிடியுங்கள் என்பேன். ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டதற்காக யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுத வேண்டும், பெற்றோர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 'இவருக்கு எங்கள் கல்லூரி இவ்வளவு ரூபாய் கொடுக்கிறது' என்று தமிழில், பெரிய எழுத்தில். அந்த ஒரு வரியைப் படித்த பிறகு எத்தனை அப்பாக்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்று பாருங்கள். இரண்டாவது, கல்லூரி தன் ஏஜென்ட்டுக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகளுக்கு அப்படித்தான் விதி. ஏஜென்ட்டோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், யார் யார் தன் ஏஜென்ட் என்று இணையதளத்தில் போட வேண்டும், அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால் கல்லூரியே நடவடிக்கை எடுக்க வேண்டும். "அவர் எங்க ஸ்டாஃப் இல்லையே மேடம்" என்ற வாக்கியத்தை இங்கே யாரும் சொல்ல முடியாதபடி செய்ய வேண்டும். ஒரிஜினலில் மூன்றாம் மனிதர் கை வைத்தாலே குற்றம். பணம் கல்லூரிக் கணக்கில் மட்டும்.

இப்படிச் சொன்னதும் சில நண்பர்கள் கேட்கிறார்கள்: பதிவு, உரிமம் என்று வைத்தால் இன்னொரு கவுன்ட்டர், இன்னொரு கையூட்டு, பெரிய ஆள் தப்பிப்பான், ஐம்பது ரூபாய்க்கு அப்ளிகேஷன் போட்டுத் தரும் பிரவுசிங் சென்டர் பையன் மாட்டுவான். இந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் கட்டணத்தைப் பெற்றோரிடம் நேராக வாங்கி ரசீது கொடுக்கிறவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார், சாய்ஸ் ஃபில்லிங்குக்கு 500 ரூபாய் வாங்குவார். அறிவோடு செய்வார். எந்தக் கல்லூரியின் பணத்தையும் தொடாதவர். அவர் தப்புச் செய்தால் 500 ரூபாய்க்கான ரசீதோடு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். எனக்குப் பயம் காசு வாங்காதவர்களிடம்தான்.

நல்ல வழிகாட்டி ஒருவர் தேவை என்பதையும் மறுக்க மாட்டேன். 2017 வரை கிண்டிக்கு நேரில் போய், பெரிய திரையைப் பார்த்து, சில நிமிஷத்தில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018-ல் ஆன்லைனுக்கு மாறியது. அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் நானூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள், 'ஏற்றுக்கொண்டு மேலே காத்திரு', 'மறுத்துவிட்டு மேலே காத்திரு' என்று விருப்பங்கள். பள்ளிக்கூடத்தை விட்டு ஏழாவதில் நின்ற தகப்பன் இதை எப்படிப் படிப்பார்? அரசின் உதவி மையங்கள் இருக்கின்றன, 14417 என்ற உதவி எண் இருக்கிறது, 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு பள்ளிகளில் வழிகாட்டல் கூடியிருக்கிறது. ஆனாலும் புரோக்கர் வீட்டுக்கு வருகிறார். அரசு வீட்டுக்கு வருவதில்லை. விடுமுறை மாதத்தில் பள்ளிக்கு ஒரு ஆசிரியரை, அதற்கென்று தனி ஊதியம் கொடுத்து, சாய்ஸ் ஃபில்லிங் முடியும் வரை உட்கார வைத்தால் போதும். ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் வரத் தயார்.

சில ஆசிரியர்களே கவர் வாங்குகிறார்கள் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பணியில் இருந்தபோது என்னிடமும் நீட்டினார்கள், 'புத்தாண்டுப் பரிசு' என்று டைரியோடு. டைரியையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர்களின் பெயர்களை எழுதுகிற இடம் இது இல்லை. ஆனால் மேலே சொன்ன அந்தப் படிவத்தின் வரியில் அவர்கள் பெயரும் வரட்டும்.

போன வாரம் அந்த எலக்ட்ரிகல் பையன் முதல் செமஸ்டர் ரிசல்ட்டோடு வந்தான். எல்லாப் பாடத்திலும் பாஸ். தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தான், அவள் இந்த வருஷம் பிளஸ் டூ. நர்சிங் படிக்க ஆசை. பெங்களூரில் ஃப்ரீ சீட் என்று ஒருவர் இப்போதே இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாராம். "என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு காலேஜ்ல எவ்ளோ தருவாங்கன்னு கேட்டேன் டீச்சர். அண்ணன்தான் கேக்கச் சொன்னாரு. கட் பண்ணிட்டாங்க."